நாற்றப்பூச்சியின் காலமும் இடமும்

மாரி மழை சற்று ஓய்ந்து, இரணைமடுக் குளம் நிரம்பித் ததும்ப, காலபோக நெல் கதிர் தள்ளிப் பால்பிடிக்கத் தொடங்குகின்ற மார்கழி, தை மாதங்களில், கிளிநொச்சி வயல் வரம்புகளில் விடியற்காலையில் நடந்து செல்வோரின் நாசியில் நெற்பயிரின் இளமணத்தோடு இன்னொரு வாடையும் வந்து படும். அந்த வாடை இன்னதென்று வன்னிக் கமக்காரருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முகர்ந்த மாத்திரத்தில் 'மூட்டுப்பூச்சி விழுந்திட்டுது' என்று சொல்லிக்கொண்டே, கதிர்களின் மேல் கண்ணை ஓட்டத் தொடங்கிவிடுவார். அதே நாளிரவு விறாந்தை மின்குமிழைச் சுற்றிப் பறந்து சோற்றுக் கோப்பைக்குள் விழுந்த பூச்சியொன்றிலிருந்து அதே வாடை எழும்போது, வீட்டிலுள்ளோர் அதனை வேறொரு தொல்லையாகக் கருதுகின்றனர். வளவின் மூலையிற் படர்ந்திருக்கும் பயிற்றங்கொடியில் பச்சைப் பூச்சிகள் மொய்த்துக் கிடந்தால், அது மூன்றாவது தொல்லையாகிவிடுகின்றது. ஆயினும் மூன்றுக்கும் மருந்துக் கடையில் ஒரே போத்தலைக் கேட்டு வாங்கிவருவது நம்மவர் வழக்கம். இப்பூச்சிகளின் விஷயத்தில் மருந்தின் வீரியத்தைக் காட்டிலும் காலத்தையும் இடத்தையும் அறிந்து செயற்படுவதே பெரும்பயன் தருமென்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்கள் அந்த ஜந்துக்களின் சரீர அமைப்பிலும் சுபாவத்திலுமே அடங்கியிருக்கின்றன.

நாற்றப்பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்லுவது ஒரே இனத்தையன்று. முதுகின் நடுவில் முக்கோண வடிவான கேடயமொன்றைத் தாங்கி, அகன்ற உடலும் ஐந்து கணுக்கொண்ட உணர்கொம்பும் உடையனவாய், உலகெங்கும் ஏறக்குறைய 5,000 இனங்களாகப் பெருகியிருக்கும் பெந்தட்டோமிடே என்னும் குடும்பத்தவையே இலக்கணப்படி நாற்றப்பூச்சிகள். நெல் வயலில் நாம் காணும் மூட்டுப்பூச்சியோ மெலிந்து நீண்ட தேகமும், நெடிய கால்களும் கொண்டது. அது அலிடிடே என்னும் அயற்குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழகத்தில் இதனைக் கதிர் நாவாய்ப்பூச்சி என்பர். முறைப்படி பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புக்களல்ல, ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்னலாம். வாடையிலும் வாயமைப்பிலும் மட்டும் குடும்பச் சாயல் தெளிவாகத் தெரிகின்றது. வில்லியம் டிஸ்டன்ட் என்னும் ஆங்கில அறிஞர், இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய தேசங்களின் உயிரினங்களைத் தொகுத்த பெரிய நூல்வரிசையில் இவ்வகைப் பூச்சிகளுக்கெனத் தனித் தொகுதிகள் எழுதி, முதலாவதை 1902ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஆகவே இவை நேற்று வந்த பீடைகளல்ல என்பதும், நம் பாட்டன்மார் உழுத வயலிலும் இவை வாழ்ந்தன என்பதும் ஐயத்துக்கிடமின்றித் தெளிவு.

வாயமைப்பை முதலிற் கவனிப்போம். வெட்டுக்கிளியைப் போலக் கடித்து மெல்லும் தாடை இவற்றுக்கு இல்லை. தலையின் கீழே மடித்து வைத்திருக்கும் அலகினுள் மயிரினும் மெல்லிய நான்கு ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. உள்ளேயுள்ள இரண்டும் இணையுமிடத்தில் இரண்டு நுண்குழாய்கள் உண்டாகி, ஒன்றின் வழியே உமிழ்நீர் இறங்க, மற்றொன்றின் வழியே கரைந்த ஆகாரம் மேலேறுகின்றது. அதாவது, இப்பூச்சி தன் ஆகாரத்தைப் பாதியளவு தாவரத்தின் உள்ளேயே சீரணித்த பின்னர்தான் உறிஞ்சிக் குடிக்கின்றது. இலையின் மேற்பரப்பிற் படிந்து, அதைத் தின்னும் புழுவைக் கொல்வதற்கான நஞ்சு இவற்றின் வயிற்றை அநேகமாகச் சென்றடைவதேயில்லை என்பதற்கு இதுவே காரணம். உடலில் நேரே பட்டாலன்றி, அல்லது தாவரத்தின் சாற்றிற் கலந்தாலன்றி, மருந்து வீணாகின்றது.

இனி, பெயருக்குக் காரணமான அந்த நாற்றம். இளம்பருவக் குஞ்சுகளுக்கு வாசனைச் சுரப்பிகள் முதுகுப்புறத்தில் இருக்கின்றன. சிறகு முளைத்து முதுகு மூடப்பட்டபின் அவை பயன்படா என்பதனாலோ என்னவோ, வளர்ந்த பூச்சிக்கு மார்பின் அடியில், பின்னங்காலின் அருகே, புதிய சுரப்பி தொழிற்படத் தொடங்குகின்றது. சுரப்பியின் வாயைச் சூழ்ந்த தோல் வழவழப்பாயிராமல் நுண்ணிய மேடுபள்ளங்களோடு சொரசொரப்பாயிருப்பதால், கசிந்த திரவம் அங்கே பரவி நின்று மெல்ல ஆவியாகின்றது. அத்திரவத்தில் உள்ள அல்டிகைட்டுகள் சில நாம் இரசத்திலே தூவும் கொத்தமல்லித் தழையிலும் இருக்கின்றன. கொத்தமல்லியை விரும்பாதவர் பலர் 'மூட்டைப்பூச்சி நாற்றம்' என்று முகஞ் சுளிப்பது வெறும் கற்பனையன்று. எறும்பு, சிலந்தி, பறவை முதலிய பகைவர்களை விலக்குவதே அந்த ஆவியின் முதற்பயன். ஆனால் அதனோடு அதன் பயன் முடிந்துவிடவில்லை. பச்சை நாற்றப்பூச்சியின் குஞ்சுகளை ஆராய்ந்தோர், திரிடெக்கேன் என்னும் ஒரே பொருள் சிறிதளவில் வெளிப்படும்போது குஞ்சுகளை ஒன்றுகூட்டுவதையும், பேரளவில் வெளிப்படும்போது அவற்றையே கலைந்தோடச் செய்வதையும் கண்டறிந்துள்ளனர். கூடியிருக்கும் குஞ்சுகளில் ஒன்றை நசுக்கினால் மற்றவை பொலபொலவென்று நிலத்தில் உதிர்ந்து மறைந்துவிடுவதைத் தோட்டத்தில் வேலை செய்த எவரும் கண்டிருப்பர். இவ்வளவு காரமான ஆயுதத்தை உடைய பூச்சியை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியிலடைத்து மூடிவிட்டால், அது தான் வெளியிட்ட ஆவியினாலேயே மயங்கி விழுவதுமுண்டு.

வன்னியைப் பொறுத்தவரை நெல் மூட்டுப்பூச்சியே முதலிடம் பெறத்தக்கது. இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் என்று குளங்களை நம்பி வாழும் இப்பிரதேசத்தில், அதன் ஜீவிதம் குளத்தின் மதகு திறக்கும் காலத்தோடு பின்னிப் பிணைந்திருக்கின்றது. தாய்ப்பூச்சி கறுத்த செந்நிறமுடைய தட்டையான முட்டைகளை இலையின் மேல் ஒன்றின்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி இடும். அவை ஏறக்குறைய ஒரு வாரத்திற் பொரிக்கும். வெளிவந்த குஞ்சு பச்சைநிற மேனியோடு கதிரின் நிறத்திலேயே கலந்து நின்று, ஐந்து முறை தோலுரித்து, ஏறத்தாழ மூன்று வாரத்திற் சிறகு பெறும். சிறகு பெற்றபின் இரண்டு மூன்று மாதம் உயிர்வாழ வல்லது. வெயில் ஏறியதும் பயிரின் அடியிலும் வரம்புப் புல்லின் நிழலிலும் ஒதுங்கிவிட்டு, அதிகாலையிலும் அந்திசாயும் நேரத்திலும் கதிரேறி உறிஞ்சும். உமியின் இரண்டு மடல்களும் பொருந்துகின்ற இடுக்கிலே ஊசியை நுழைப்பதால், வெளியே துளை தெரிவதில்லை. பால்பருவத்தில் உறிஞ்சப்பட்ட மணி முற்றாகச் சப்பியாகிவிடும். சற்று இறுகிய பின் உறிஞ்சப்பட்டதோ வடுப்பட்டு, அவ்வடுவின் வழியே பூஞ்சணம் நுழையப்பெற்று, ஆலையில் தீட்டும்போது கரும்புள்ளியோடு உடைந்து குருணையாகும். சிவப்பரிசி உண்ணும் நம் வீடுகளில் அப்புள்ளி சட்டெனக் கண்ணில் படுவதில்லை. வெள்ளையரிசி வாங்கும் வியாபாரியின் கண்ணில் முதலிற் படுவது அதுவே.

இக்கணக்கைச் சற்று நிதானித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். பூ வந்த நாளிலிருந்து மணி இறுகும்வரை ஒரு வயலுக்கு ஆபத்தான காலம் இரண்டு மூன்று வாரமே. அந்த வயலில் இட்ட முட்டை பொரித்துக் குஞ்சு சிறகு பெறுவதற்குள் மணி இறுகிவிடுகின்றது. ஆகவே ஒரு வயலைத் தாக்கும் பூச்சிகளிற் பெரும்பகுதி வேறெங்கோ பிறந்து வளர்ந்து பறந்து வந்தவை. அந்த வயலிலே பிறந்தவை அடுத்த வயலுக்குரியவை. முந்தி விதைத்தவனுடைய வயலில் பெருகிய கூட்டம், பிந்தி விதைத்தவனுடைய கதிரின் மேல் வந்திறங்கும். எல்லோரும் அறுத்து முடித்தபின் தனித்துப் பச்சையாக நிற்கும் அரை ஏக்கர் வயலுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்துப் பூச்சி முழுவதும் விருந்தாளியாகும். ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் மாவட்ட அதிகாரிகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமக்காரர் அமைப்புக்களும் கூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்தி, விதைப்புக்கு இறுதித் தேதியும் நெல்லின் வயதும் நீர் திறக்கும் நாளும் நிச்சயிப்பது வழக்கம். நீரைச் சிக்கனப்படுத்துவதே அக்கூட்டத்தின் நோக்கமென்று நினைப்போர், அது ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டுச் சபையாகவும் தன்னையறியாமலே கடமையாற்றுகின்றது என்பதைக் கவனிப்பதில்லை. கூட்டத்தில் கையுயர்த்திவிட்டு வந்து, மூன்று வாரம் பிந்தி விதைப்பவர் தம் அயலவருக்கும் தமக்கும் ஒருங்கே தீங்கிழைக்கிறார். அவர் பின்னர் எத்தனை முறை மருந்தடித்தாலும் கதை அதுதான்.

நெல் பூப்பதற்கு முன் இப்பூச்சி எங்கே இருந்தது என்று கேட்டால், வரம்பிலும் வாய்க்காற்கரையிலும் தரிசிலும் கதிர்விட்டு நின்ற புல்லிலே என்பதே விடை. யுத்தத்தின் பின் மீள்குடியேறிய காலத்தில், பல ஆண்டுகள் உழப்படாமல் புல்லும் பற்றையும் மண்டிய காணிகளின் நடுவே ஒன்றிரண்டு வயல்களை மட்டும் மீட்டு விதைத்தவர்களுக்குப் பூச்சித் தொல்லை ஏன் மிகுதியாயிருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். நெல் குடலைப் பருவத்தை அடையுமுன் வரம்புப் புல்லை வெட்டிவிடவேண்டும். கதிர் வந்தபின் வெட்டினால், புல்லிலிருந்த பூச்சியை நாமே நெல்லுக்குள் விரட்டியவர்களாவோம். மூட்டுப்பூச்சிக்கு அழுகிய மாமிசத்தின் வாடையில் மோகமுண்டு என்பதும் பழைய அனுபவம். கம்போடிய உழவர் இதற்கெனப் புளிக்கவைத்த மீனைப் பொறியாக வைக்கின்றனர். நந்திக்கடலை அருகே கொண்ட முல்லைத்தீவில் நாறிய நண்டுக்கும் மீன்தலைக்கும் பஞ்சமில்லையாதலால், அவற்றைப் பழந்துணியிற் கட்டி வயலின் மூலைகளிற் கோலில் தொங்கவிட்டு, விடியலில் வந்து மொய்க்கும் பூச்சிகளை வலையால் வாரிச் சவர்க்கார நீரில் இடுவது செலவில்லாத உபாயம். சிறிய வயலுக்கு இது போதும். பத்தேக்கர் வயலுக்குப் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். மருந்தடித்தே தீரவேண்டுமென்று விவசாயப் போதனாசிரியர் கண்டு சொன்னாலும், நெற்பூக்கள் விரிந்து மகரந்தம் சிந்துகின்ற முற்பகல் வேளையை விட்டு, பூச்சி கதிரின்மேல் இருக்கின்ற மாலைவேளையிலே அடிப்பதுதான் முறை.

வயலை விட்டு வீட்டுக்கு வருவோம். இங்கே ஒரு தேசாந்தர ஒப்பீடு பயன்படும். ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வாழும் நம் உறவினர், இலையுதிர்காலத்தில் சாம்பல்கலந்த கபிலநிறப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக யன்னல் இடுக்குகளிலும் கூரைக்கடியிலும் புகுந்துகொள்வதாகத் தொலைபேசியிற் சொல்வதுண்டு. அது கிழக்காசியாவிலிருந்து சரக்குகளோடு கப்பலேறிப்போன வேறொரு நாற்றப்பூச்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அலன்ரவுன் நகரில் 1990களின் நடுப்பகுதியில் முதன்முதல் தென்பட்டு, 2010ஆம் ஆண்டில் அப்பகுதியின் அப்பிள் தோட்டங்களில் மாத்திரம் மூன்று கோடியே எழுபது இலட்சம் டொலர் நட்டத்தை உண்டாக்கியது. பகற்பொழுது குறுகுவதை உணர்ந்து, குளிர்காலம் முழுவதும் உண்ணாமல் உறங்குவதற்கு அது வீடு தேடுகின்றது. ஆகவே அங்கே இடுக்குகளை அடைப்பதே பிரதான பரிகாரம். வன்னியிலோ பூச்சியை உறங்கவைக்கும் குளிர் இல்லை. இங்கே வீட்டினுள் வரும் பூச்சி தங்க வந்ததன்று. வெளிச்சத்தால் திசைதடுமாறி விழுந்தது. இதன் பொருட்டு வீட்டுச் சுவரெங்கும் நஞ்சு தெளிப்பது, வழிதவறி வந்தவனுக்காக வீட்டைக் கொளுத்துவதற்கு ஒப்பானது.

பூச்சியின் கண் நீலத்தையும், நம் கண்ணுக்குப் புலனாகாத புறவூதாக் கதிரையும் நாடுவது; மஞ்சள் ஒளியில் அதற்கு அத்தனை நாட்டமில்லை. வயலோரத்து வீடுகளில் கதிர்க்காலத்து மாலைநேரங்களில் விறாந்தையின் வெள்ளைக் குமிழை அணைத்து மஞ்சட்குமிழைப் போடுவதும், வெள்ளைக் குமிழொன்றை வாசலிலிருந்து தூரத்தே, வேலியருகில் ஏற்றி, அதன்கீழ் சவர்க்கார நீர் நிரம்பிய அகன்ற பாத்திரத்தை வைப்பதும் எளிய காரியங்கள். சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவையைக் குலைத்துவிடுவதால், பூச்சி மிதக்க முடியாமல் அமிழ்ந்து, பக்கவாட்டிலுள்ள மூச்சுத்துளைகள் அடைபட்டு இறக்கும். யன்னலுக்கு நுளம்புவலை அடித்திருப்பவருக்கு இந்தச் சிரமங்களும் இல்லை. விழுந்த பூச்சியைத் தும்புத்தடியால் அடித்து நசுக்குவது மட்டும் கூடாது. கடதாசித் துண்டொன்றில் ஏறவிட்டு வெளியே எறிதல் நன்று. கையிற் பட்ட வாடை தண்ணீரில் கழுவினாற் போகாது, ஏனெனில் அத்திரவம் எண்ணெயிற் கரையுமேயன்றி நீரிற் கரைவதன்று. சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்துப் பின் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். கண்ணிற் பட்டால் எரிவு உண்டாகும். தேய்க்காமல் சுத்தமான நீரால் நெடுநேரம் அலம்பவேண்டும்.

வளவுத் தோட்டத்தில் நாம் எதிர்கொள்ளும் முக்கிய எதிரி, 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயசு பெயரிட்டு வைத்த பச்சை நாற்றப்பூச்சி. கேடயத்தின் முன்விளிம்பில் வரிசையாக மூன்று சிறு வெண்புள்ளிகள் இருப்பதைக் கொண்டு அதனை அறியலாம். பயிற்றை, பயறு, கௌபீ, தக்காளி, வெண்டி என்று பேதமின்றி உண்ணும். இளங்காயிலே குத்துவதால் காய் வளைந்து கோணலாகும், தக்காளிப் பழத்தின் தோலுக்கடியில் வெளிறிய கடினமான திட்டுக்கள் உண்டாகும். பயிற்றையிலையைத் திருப்பிப் பார்த்தால், சிற்சில சமயம் அதன் அடிப்புறத்தில் வெளிர்மஞ்சள் நிறமான ஐம்பது அறுபது முட்டைகள், இடைவெளி விடாமல் நெருக்கி, தேன்கூட்டின் ஒழுங்கோடு ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் பீப்பா வடிவானது. மேலே வட்டமான மூடி. மூடியைச் சுற்றி நுண்ணிய மயிர்முனைகள். பொரிக்கும் நாள் நெருங்கினால் நிறம் இளஞ்சிவப்பாக மாறும். வெளிவந்த குஞ்சுகள் எங்கும் போவதில்லை; காலியான ஓடுகளின் மேலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பயிரைத் தீண்டாமல், சில நாட்கள் அசையாது கிடக்கும். தோட்டக்காரனுக்கு இதைவிட வாய்ப்பான தருணம் வேறில்லை: அந்த ஒரே இலையைக் கிள்ளிச் சவர்க்கார நீரிலிட்டால், பின்னர் தோட்டமெங்கும் தேடித் திரிந்து பிடிக்கவேண்டிய கூட்டம் அந்தக் கணத்திலேயே தீர்ந்தது. தோலுரித்துக் கலைந்தபின் வேலை கடினமாகும். அப்போதும், அசைந்தால் உதிரும் அதன் வழக்கத்தையே பயன்படுத்தி, கிளையின் கீழே நீர்ப்பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதிகாலையில் மெல்லத் தட்டலாம்.

வன்னி வளவுகளில் வேம்புக்குக் குறைவில்லை. ஒரு லீற்றர் நீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவில் ஊறவைத்து வடித்த சாறு, குஞ்சுகள் தோலுரிப்பதைக் குழப்பி அவற்றை வளரவிடாமற் செய்யும். சிறகு முளைத்த பூச்சியைக் கொல்லும் என்று எதிர்பார்த்துத் தெளிப்பவர் ஏமாற்றமடைந்து வேம்பைப் பழிப்பதில் நியாயமில்லை.

இலையின் அடியிற் கண்ட முட்டைகள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இல்லாமல் கருமை படர்ந்திருந்தால், அவற்றைக் கிள்ளியெறியாமல் விட்டுவிடவேண்டும். ஒரு மில்லிமீற்றர் அளவேயான குளவியொன்று அம்முட்டைகளினுள்ளே தன் முட்டையை இட்டுவிட்டது என்பதற்கு அந்தக் கருமையே அடையாளம்; பூச்சிக்குப் பதிலாகக் குளவிகள் வெளிவரும். இந்தக் குளவியின் அருமையை உணர்ந்து, அவுஸ்திரேலியர் 1933ஆம் ஆண்டில் எகிப்திலிருந்து அதை வரவழைத்துத் தம் தோட்டங்களில் விட்டனர். நெல் மூட்டுப்பூச்சியின் முட்டைக்கும் இத்தகைய குளவிகள் உண்டு. நீண்ட உணர்கொம்புடைய வெட்டுக்கிளியொன்றும் அம்முட்டைகளைத் தின்னும். அதுபோல, நாற்றப்பூச்சிக் குடும்பத்திலேயே மாமிச பட்சணிகளும் இருக்கின்றன. தோளில் கூரிய முள்ளும் தடித்த அலகும் உடைய கபிலநிறப் பூச்சியொன்று, தன்னிலும் பெரிய புழுவை அலகின் நுனியிற் குத்தி ஏந்திக்கொண்டு நடப்பதைக் கண்டால், அதனை ஒன்றும் செய்யாமல் வழிவிடுதலே நன்று.

கண்மூடித்தனமாக மருந்தடிக்கும்போது முதலில் மடிவன இக்குளவிகளே. நாற்றப்பூச்சி பறந்துபோய்ப் பின் திரும்பி வரும், குளவி வருவதில்லை. நஞ்சருந்தி இறப்போர் தொகை பெருகியதைக் கண்டு, மொனோகுரோட்டோபொஸ் 1995இலும் எண்டோசல்பான் 1998இலும் இந்நாட்டிலே தடைசெய்யப்பட்டமை புத்திசாலித்தனமான காரியம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் ஒரே வீச்சில் இறக்குமதித் தடைக்குள்ளாகி, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை விலக்கப்பட்டதோ வேறு கதை. பூச்சியின் காலத்தைக் கமக்காரருக்குக் கற்பிக்காமல் போத்தலை மட்டும் பறித்ததால், போத்தல் திரும்பி வந்தவுடன் பழைய வழக்கமும் உடன் வந்தது.

கடைசியாக ஒன்று. அறுவடைக்குப் பத்து நாளிருக்கையில், கதிர் பழுத்துத் தலைசாய்ந்த வயலில் மூட்டுப்பூச்சி பறப்பதைக் கண்டு பதறி மருந்தடிப்போர் உளர். இறுகிய மணியில் அதன் ஊசியாற் செய்யக்கூடிய தீங்கு மிகச் சொற்பம். அப்போது அடிக்கும் மருந்தோ கலைந்துபோக அவகாசமின்றி நெல்லிலும், மாட்டுக்குப் போடும் வைக்கோலிலும் தங்கும். அந்நேரத்தில் மண்வெட்டியே தகுந்த கருவி: அறுவடை முடிந்த கையோடு வரம்பிலும் வாய்க்காற்கரையிலும் கதிர்விட்ட புல்லைச் செருக்கிவிட்டால், சிறுபோக நெல் பூக்கும்வரை அங்கே ஒதுங்கியிருந்து உயிர்பிழைக்க எண்ணும் பூச்சிக்கு ஆகாரம் அரிதாகிவிடும்.